மூன்று பிஸ்டல், ஒரே மாடல், இரண்டு அச்சு

பாலிமர் என்கிற பிளாஸ்டிக் உடம்போடு புதிதாக வந்திருக்கும் அந்த ஏர் பிஸ்டலை வாங்கலாமா என்று தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கடைக்காரர் நீட்டுகிற பெட்டியை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரே கடையில், ஒரே விலைக்கு, ஒன்றாக எடுத்த மூன்று பிஸ்டல்களை உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தோப்புக் கொட்டகையில் வைத்துச் சுட்டுப் பார்த்தோம். முதலாவது தங்கம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைத் திருப்பி அனுப்பினோம். மாடல் நம்பர் மூன்றிலும் ஒன்றுதான்.

கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. வடக்கே செய்து மதுரைக் கடைக்கு வருகிற சரக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் சோதனைகளை யார் செய்த பிஸ்டலிலும் செய்து பார்க்கலாம்.

நான் மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்கிற ஆயுத அறையின் சாவி இடுப்பில் தொங்கிய காலத்தில் .410 மஸ்கட், .303, எஸ்.எல்.ஆர்., ஈசாப்பூர் 9 மி.மீ. பிஸ்டல் எல்லாம் கையில் வந்து போயிருக்கின்றன. எல்லாமே இரும்பும் மரமும். பிளாஸ்டிக் உடம்பு வைத்த கைத்துப்பாக்கியை முதலில் பார்த்தது சென்னையில் ஒரு பயிற்சியில்தான். கிளாக் என்ற ஆஸ்திரியப் பிஸ்டல். பக்கத்தில் நின்ற ஏட்டய்யா அதை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, திருவிழாக் கடைத் துப்பாக்கி மாதிரி இருக்கு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மேகஸின் இல்லாமல் அது முக்கால் கிலோகூட வராது. எங்கள் ஈசாப்பூர் பிஸ்டல் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஆனால் பாலிமர் உடம்பு ஒன்றும் நேற்றைய சங்கதி இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் 1970-லேயே வி.பி.70 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ ஏற்றுக்கொண்டது 1982-ல். பிளாஸ்டிக் என்பதால் விமான நிலையக் கருவியில் மாட்டாது என்று அப்போது ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றியது. வெறும் கதைதான். மேலே ஓடும் ஸ்லைடும் உள்ளே இருக்கும் பேரல் என்கிற குழலும் எஃகு. பாலிமருக்குள்ளேயே ஸ்லைடு ஓடும் தண்டவாளத்துக்கு எஃகுத் தகடு புதைத்திருப்பார்கள்.

அந்த மாதிரித் துப்பாக்கியெல்லாம் நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு வராது, வரவும் வேண்டாம். இங்கே பேசுவது காற்றில் சுடும் 4.5 மி.மீ. பிஸ்டலைப் பற்றி. 2016 ஆயுத விதிகளின்படி, வெடியின் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாத 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்தப் பிஸ்டல் நாலு ஜூலைத் தொடவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் மனு பாக்கர் பிஸ்டல் சுட்டு இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து பிள்ளைகள் விடுவதாக இல்லை. என் அக்கா பேத்தியும் அதில் ஒருத்தி. வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும். இது 11,000 ரூபாய்ச் சொச்சம். அதனால்தான் இவ்வளவு விசாரிப்பு.

பிஸ்டல் வேலை செய்யும் விதம் எளிது. பின்னால் இருக்கும் கொண்டியை அழுத்தினால் மேல் பாகம் முழுவதும் முன்பக்கக் கீலில் மேலே திறக்கும். பெல்லட் என்கிற சின்னக் குண்டைப் போட்டு, மேல் பாகத்தை அழுத்தி மூடும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் காற்றை இறுக்கிவிடும். ஒரு தடவை மூடினால் ஒரு வெடி. கேஸ் குப்பி கிடையாது, பம்பு கிடையாது. நம் ஊருக்கு இந்த ஏற்பாடுதான் சரி. கார்பன் டை ஆக்ஸைடு குப்பி போடும் பிஸ்டலில் வெயில் ஏற ஏறக் குப்பிக்குள் அழுத்தமும் ஏறும்; 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது. சித்திரை மாதத்தில் ராமநாதபுரத்தில் 31 டிகிரி என்பது விடிந்து கொஞ்ச நேரத்துக்குத்தான். அதனால் குப்பிப் பிஸ்டலில் வெடி காலையில் ஒரு இடத்தில் விழும், மத்தியானம் வேறு இடத்தில் விழும்.

மூடுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு முடியாது. பெரியவர் யாராவது மூடிக் கொடுக்க வேண்டியிருக்கும். கைப்பிடி இரண்டு கைக்கும் பொது. இடது கைக்காரர்களுக்கு நிம்மதி.

கொட்டகையைப் பற்றி இரண்டு வரி. டேப் வைத்து அளந்த 10 மீட்டர். பனையோலைக் கூரை, மேற்கே கச்சான் காற்று நுழையாமல் தட்டி, முடிவில் மணல் மூட்டை அடுக்கி அதன் முன்னால் தகடு அடித்த பெட்டி. பெல்லட் ஈயம் என்பதால் சுட்டுவிட்டுக் கை கழுவாமல் யாரும் வடையைத் தொடக்கூடாது என்பது சட்டம். கண்ணாடி இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்பது இன்னொரு சட்டம். பக்கத்துக் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால் அது போகும்வரை பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்திலும் பிஸ்டல் நுனியில் இருக்கும் முன்குறியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கப் பழகினால் போட்டிக்கு நல்லது.

பழைய வழக்கத்தை விடாமல், வந்த அன்றே மூன்றுக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் பட் நம்பர் என்கிற அடையாள எண் எழுதினேன்: 1, 2, 3. பிறகு மணல் பையில் தாங்கல் கொடுத்து ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டோம். ஒன்றாம் நம்பரில் ஐந்து ஓட்டைகளும் 14 மி.மீ.க்குள் அடங்கின. போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மி.மீ. என்பதை நினைத்தால் 11,000 ரூபாய்க்கு இது அநியாயமான நல்ல குரூப். இரண்டாம் நம்பர் 19 மி.மீ. மூன்றாம் நம்பரும் 20 மி.மீ.க்குள்தான் வந்தது, ஆனால் முழுக் குரூப்பும் அட்டையின் நடுக் கறுப்பு வட்டத்துக்கு இடதுபுறம் வெள்ளையில் போய்க் குந்திக்கொண்டது. பின்குறியை வலது பக்கம் திருகு முடியும் மட்டும் தள்ளியாகிவிட்டது. அப்போதும் ஒன்றரைச் செ.மீ. இடது. அதற்குமேல் திருக இடமில்லை.

பேத்தி என்னைப் பார்த்தாள். "தாத்தா, நான் ட்ரிகரை வெட்டி இழுக்குறேனா?" வலது கைக்காரர்கள் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தால் இடது கீழே போவது வழக்கம், அதனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அவள் சுட்டாலும் நான் சுட்டாலும் ஒரே இடத்தில் விழுந்தது. அவள் கையைச் சந்தேகப்படக் காரணமில்லை.

ஓசூரில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் அந்த வாரம் லீவில் வந்திருந்தான். அவனிடம் கொடுத்தேன். அவன் சுடவே இல்லை. மூன்றாம் நம்பரைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடி உள்பக்கம் டார்ச் அடித்தான். "சித்தப்பா, உள்ள நம்பர் இருக்கு பாருங்க." ஒன்றிலும் இரண்டிலும் பாலிமரிலேயே பதிந்த சின்ன 1, மூன்றாவதில் 2. ஒரே அடியில் இரண்டு உடம்பு விழுகிற மாதிரி மோல்டில் இரண்டு குழி வைத்திருப்பார்கள், எந்தக் குழியில் பிறந்தது என்று தெரிய நம்பர் போடுவார்கள் என்றான். பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி 1 முதல் 12 வரை எண், நடுவில் ஒரு அம்பு. அது மாதக் கடிகாரம். எந்த மாதம் அச்சடித்தார்கள் என்று அம்பு காட்டும். முதல் இரண்டிலும் அம்பு 5-ல் நின்றது, மூன்றாவதில் 2-ல். ஆயுதப்படையில் எத்தனையோ வருடம் சீரியல் நம்பர் எழுதி எழுதித் தேய்ந்தவன் நான். பிளாஸ்டிக்குக்கும் ஜாதகம் உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இந்த உடம்பு வெறும் பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி இழை கலந்த நைலான். குருணையாக வரும் நைலானை முதலில் நன்றாகக் காயவைக்க வேண்டும், ஏனென்றால் அது காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரத்தோடு உருக்கி அடித்தால் மேல்தோலில் வெள்ளிக் கோடு விழும், பலமும் குறையும். எங்கள் இரண்டாம் நம்பரில் ட்ரிகர் வளையத்துக்கு மேலே அப்படி ஒரு கோடு மங்கலாகத் தெரிகிறது. அடுத்தது சுருக்கம். சூடாக உள்ளே போனது ஆறும்போது சுருங்கும். கண்ணாடி இழை ஓடிய திசையில் ஒரு அளவு சுருங்கும், குறுக்கே இன்னொரு அளவு. மோல்டில் தண்ணீர் ஓடும் குழாய் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டாலோ, ஆறுவதற்கு முன்பே அவசரமாகத் தள்ளி எடுத்தாலோ, நீளமான பாகம் மெல்ல வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பிஸ்டலில் நீளமான பாகம் மேல் பாகம்தான். மூன்றாம் நம்பரின் மேல் பாகத்தைக் கழற்றிப் பார்த்தோம், அதிலும் 2 என்றே இருந்தது. இங்கேதான் வடிவமைப்பை நான் கொஞ்சம் குறை சொல்வேன். பேரல் எஃகுக் குழாய், அது தனியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. முன்குறி பாலிமரிலேயே சேர்த்து அடித்தது. பாலிமர் வளைந்தால் முன்குறியும் சேர்ந்து போகும், எஃகுக் குழாய் நேராகவே நிற்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே தூரம் 23 செ.மீ.; முன்குறி வலது பக்கம் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் வெடி நாலு செ.மீ.க்கு மேல் இடதுபுறம் போய் விழும். கணக்கு அட்டையோடு ஒத்துப்போயிற்று. முன்குறியைத் தனித் துண்டாகச் செய்து பள்ளத்தில் செருகியிருந்தால் ஆர்மரர் ஒரு தட்டில் சரிசெய்திருப்பான். எங்கள் பழைய .303-ல் அப்படித்தான்: முன்குறித் துண்டைக் குறுக்கே தள்ளினால் வேலை முடிந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கடைகளில் தப்பாகப் பேசுகிறார்கள். மேல் பாகம் மூடிய பிறகு கொண்டியில் லேசான ஆட்டம் இருந்தால் குறி தப்பும் என்று சொல்லி ஒரு பிஸ்டலைக் கழித்துவிட்டு இன்னொன்றைத் தள்ளப் பார்ப்பார்கள். இந்த ரகத்தில் பேரல், முன்குறி, பின்குறி மூன்றும் மேல் பாகத்திலேயே இருக்கின்றன. ஆடினால் மூன்றும் சேர்ந்துதான் ஆடும், குறிக்கு நஷ்டமில்லை. எங்கள் ஒன்றாம் நம்பரிலும் ஆட்டம் உண்டு, அதுதான் நன்றாகச் சுடுகிறது. பின்குறித் தகடு தனியாக ஆடினால் அது வேறு கதை, அதை வாங்காதீர்கள். இரண்டாம் நம்பரின் குரூப் பெரிதானதற்கு அதுதான் காரணம். திருகுக்கு அடியில் மெல்லிய வாஷர் போட்டதும் ஒன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ட்ரிகர். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகர் 500 கிராமாவது தாங்க வேண்டும். தராசு இல்லாதவர்கள் தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் ஊற்றி, கயிற்றால் ட்ரிகரில் மாட்டி, பிஸ்டலை வானம் பார்க்க நிறுத்தித் தூக்கிப் பாருங்கள். ஒன்றும் இரண்டும் 700 கிராம் சுற்றி விட்டன. ஆரம்பப் பிள்ளைகளுக்கு அது நல்ல அளவு. மூன்றாம் நம்பருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருந்தது, அதுவும் பாதி வழியில் ஒரு உரசல். அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் பிசிறு கிளம்பி ட்ரிகர் ஓடும் பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் ஒரு நிமிட வேலை. தொடவில்லை; தொட்டால் வாரண்டி போய்விடும் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். கை பரபரத்ததை அடக்கிக்கொண்டேன்.

வேகத்தையும் பார்த்தோம். நண்பர் ஒருவரின் குரோனோகிராஃப் என்கிற வேகம் அளக்கும் கருவியில் 0.53 கிராம் பெல்லட்டுக்கு ஒன்றாம் நம்பர் வினாடிக்கு 118 மீட்டர், இரண்டாவது 116, மூன்றாவது 109. பத்து மீட்டர் அட்டைக்கு இந்த வித்தியாசம் பெரிய பாதகமில்லை. குரூப் வட்டமாக விழுந்தால் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இனி நம் கரைக்கு மட்டுமான விஷயம், உப்பு. பாம்பனில் 1914-ல் திறந்த பாலத்துக்குப் பெயின்ட் அடித்து அடித்தே ஒரு தலைமுறை வேலை செய்திருக்கிறது. 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி ரகப் பூச்சும் வேண்டியிருந்தது. உலோகம் கடல்காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்க்கக் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி, மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பாலிமர் உடம்பு வரம். பெல் ஆஃப் ஆர்ம்ஸில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் துப்பாக்கிக்குப் போடும் ரங்கூன் ஆயிலும் பிளானல் துணியுமாக நாங்கள் பட்ட பாடு இதற்கு இல்லை. கச்சான் வீசுகிற காலம் முழுக்கக் கொட்டகைச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் புதுசு.

ஆனால் கம்பெனிக்காரர் பாலிமரில் மிச்சம் பிடித்ததைத் திருகாணியிலும் மிச்சம் பிடித்திருக்கிறார். கைப்பிடித் திருகுகளின் தலை முதல் வாரத்திலேயே செம்மண் நிறம். கீல் ஊசியின் முனையில் துரு. பேரல் வாயில் கறுப்புப் பூச்சு போய் உள்ளிருந்து புள்ளி கிளம்பிவிட்டது. வாங்கிய உடனே திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். கீழக்கரை, ஏர்வாடி என்று கடலோரம் இருப்பவர்கள் ராமநாதபுரத்துக்குப் போய் அதே அளவில் துருப்பிடிக்காத எஸ்.எஸ். திருகு வாங்கி மாற்றிவிடலாம். திருகு இறங்குவது உள்ளே புதைத்த பித்தளை இன்சர்ட்டில் என்பதால் பயமில்லை, ஆனால் முறுக்கிவிடாதீர்கள். இன்சர்ட்டைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக். பேரலுக்கு வெளியே மெஷின் ஆயில் போதும். காற்று அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிகான் ஆயில் ஒரு சொட்டு. பெயின்ட் தின்னர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். என் பட் நம்பரை அழிக்கப் பேத்தி அதைத்தான் முதலில் தேடினாள்.

நைலான் ஈரம் குடிக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நன்மையும் உண்டு. அச்சிலிருந்து புதிதாக வந்த நைலான் மொறுமொறுப்பாக இருக்கும், கீழே விழுந்தால் கீறல் விடலாம். நம் கடற்கரைக் காற்றில் கொஞ்ச நாள் இருந்தால் கொஞ்சம் ஈரம் ஏறி வளைந்து கொடுக்கும். கூடவே ஒரு மயிரிழை பருக்கும். அதனால் வடக்கே இறுக்கமாகப் பூட்டிய கொண்டி இங்கே வந்து இன்னும் இறுகும். ஆரம்பத்தில் திறக்கக் கஷ்டப்பட்டால் எண்ணெய் ஊற்றாதீர்கள். பத்து நாள் பழகினால் இளகிவிடும்.

மூன்றாம் நம்பருக்கு வருகிறேன். கம்பெனிக்குப் போன் போட்டால், அனுமதித்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது, குறியைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்றார்கள். எவ்வளவு அனுமதித்த வித்தியாசம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மதுரைக் கடைக்காரர் பரவாயில்லை. மூன்று அட்டைகளையும், திருகு கடைசியில் நிற்கும் படத்தையும், உள்ளே பதிந்த 2-ஐயும் காட்டியதும் பேசாமல் எடுத்துக்கொண்டார். வேறு கொடுக்கும்போது பெட்டியைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்க்க விட்டார். முதலில் நீட்டியதில் மறுபடி 2, அம்பு 2. வேண்டாம் என்றேன். அடுத்ததும் 2-தான், ஆனால் அம்பு 7-ல். அதை வாங்கி வந்து சுட்டோம். நடுவில் விழுந்தது, பின்குறியில் இரண்டு மூன்று கிளிக்தான் வேண்டியிருந்தது. ட்ரிகரில் பிசிறு இல்லை. அதே இரண்டாம் குழியை நடுவில் யாரோ திறந்து சரிசெய்திருக்கிறார்கள் என்று அண்ணன் மகன் அடித்துச் சொல்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆகவே கடையில் டார்ச்சோடு போங்கள். அம்பு 2-ல் நிற்பதைத் தொடாதீர்கள், 5-லோ அதற்கு மேலோ இருந்தால் கையில் எடுங்கள். பின்குறி நடுவில் இருக்கும்போது முன்குறி பேரலுக்கு நேராக நிற்கிறதா என்று வாய்ப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். அதற்கு முன் பெல்லட் இல்லை என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் நீங்களும் பாருங்கள். பில்லில் பிஸ்டலின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள். கூடவே ஓ-ரிங் உதிரி இரண்டு கேளுங்கள். எங்களுக்கு இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை.